விரதம் இருந்த கால்கள்

4

காலையில் கடையைத் திறந்ததும் சேவுகப்பெருமாள் செய்த முதல் வேலை, அலமாரி மேலிருந்த பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கியதுதான். அதன் அடியிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பல வருஷமாகத் திறக்காத டப்பா. மூடி முனகியது.

"என்னய்யா அது?" வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபடி விசாலி கேட்டாள்.

"வெத்தலை."

"பிஸ்கட் டப்பாவுல வெத்தலையா? அப்ப வெத்தலைப் பொட்டியில பிஸ்கட்டா?"

"வண்டிய எடு ஆத்தா. வாயை அப்புறம் எடுக்கலாம்."

விசாலி அவருடைய உதவியாளர். வயது முப்பத்திரண்டு, வாய்க்கு மட்டும் நூறு இருக்கும். காரைக்குடி செக்காலை ரோட்டில் 'நிழல் துப்பறியும் நிலையம்' என்ற பலகைக்குக் கீழே இந்த இரண்டு பேரும்தான் மொத்த நிலையம். பலகை மாட்டுவதற்கு முன்பு சேவுகப்பெருமாள் போலீசுக்குப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கும் முன்பு ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் பென்சிலும் கத்தியும் வைத்துக்கொண்டு படங்களின் குறைகளைத் திருத்தும் 'டச்சிங்' வேலை செய்த பையன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனாலோ என்னவோ, எழுதியிருக்கிற எதையும் அவர் நம்புவதில்லை. ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் கீழே இருக்கும் பெயர்களைக் கட்டை விரலால் மறைத்துவிட்டுத்தான் மேலே பார்ப்பார். எழுதும்போது எவனும் பொய் எழுதுவான், நிற்கும்போது அவ்வளவு சுலபமாகப் பொய்யாக நிற்க வராது என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சி செல்லாது என்று அவரே நினைத்திருந்த படம் ஒன்று உண்டு. அதைப் பார்க்கத்தான் இப்போது போய்க்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் பள்ளத்தூரிலிருந்து தண்டாயுதபாணி செட்டியார் போன் செய்திருந்தார். பூர்வீக வீட்டை ஓட்டலாக்கி, வெளிநாட்டுக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து வாழையிலை போடுகிறவர். இப்போது ஒரு கிரிக்கெட் அறையும் திறக்கிறார். அந்தக் காலத்தில் அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ஒரு அணி வைத்திருந்தார். அதன் படங்கள் இருபதுக்கு மேல் சுவரில் ஏறிவிட்டன. ஒரே ஒரு படத்தில், ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் தகராறு. கொழும்பிலிருந்து வந்த அணியை எட்டு விக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிய ஆள் யார்? சித்தப்பா மீனாட்சிசுந்தரம் என்கிறது குடும்பம். ஒக்கூரிலிருந்து ரோகிணி என்ற டீச்சர், அது என் அப்பா உடையப்பன் என்று கடிதம் எழுதியிருக்கிறாள்.

"வேற ஆள் பாருங்களேன்" என்று சேவுகப்பெருமாள் போனில் நழுவிப் பார்த்தார்.

"நானும் அதைத்தான் சொன்னேன். உங்களைத்தான் கூப்பிடணும்னு எங்க சித்தி ஒத்தக் கால்ல நிக்கிறாக" என்றார் செட்டியார்.

'உங்களைத்தான்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் ராத்திரி முழுக்க அவரைத் தூங்க விடவில்லை.

*

கிரிக்கெட் அறையில் ஏசி குளிர்ந்தது. செட்டியார் வெள்ளை வேட்டியும் கையில் செல்போனுமாக நின்றார். அறுபது வயதில் அளந்து சிரிக்கிற மனிதர்.

"தகடு வெட்டுறவன் பன்னெண்டு மணிக்கு வாரான். பேரைச் சொல்லிட்டீகன்னா பித்தளையில வெட்டி மாட்டிருவேன். வெள்ளிக்கிழமை திறப்பு."

"மத்த படத்துக்கெல்லாம் பேர் யாரு சொன்னா?" சேவுகப்பெருமாள் கேட்டார்.

"ஆல்பத்துல எழுதியிருந்துச்சு."

"அப்பத் தப்பா இருக்கும்."

சுவரோரமாக நடந்தார். ஒரு படத்துக்கு முன்னால் நின்றார். "இந்த ஓரத்து ஆளை ஆட்டக்காரர்னு போட்டிருக்கீக. இவரு அம்பயரு."

"எப்படிச் சொல்றீக?"

"கோட்டுப் பை ஒருபக்கம் தொங்குது பாருங்க. கூழாங்கல்லு. ஒரு பந்துக்கு ஒரு கல்லை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாத்துவாக."

அடுத்த படத்தில் விசாலி முந்திக்கொண்டாள். "இவரு பன்னெண்டாவது ஆளு. எல்லார் பேண்ட்டுலயும் செம்மண்ணு. இவரு பேண்ட்டு இன்னும் சலவைக்காரர் வீட்டு மடிப்போட இருக்கு. பாவம், தண்ணி தூக்குனதோட சரி."

"விக்கெட் கீப்பரு?" செட்டியாருக்கே ஆசை வந்துவிட்டது.

"கைய மடியில மறைச்சு வெச்சிருக்காரே, அவருதான். விரலெல்லாம் கோணிப்போயிருக்கும். இன்னும் பொண்ணு பார்க்கலை போல" என்றாள் விசாலி.

செட்டியார் வாய்விட்டுச் சிரித்தார். சேவுகப்பெருமாள் சிரிக்கவில்லை. சுவரில் படங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. கடைசிப் படத்துக்கு அவர் வந்தே ஆகவேண்டியிருந்தது.

பதின்மூன்று பேர். பின்னால் ஏழு பேர் நிற்க, முன்னால் ஆறு பேர் நாற்காலியில். நடுவில் ஒரு சிலேட்டு, '28-3-1971, பள்ளத்தூர் – கொழும்பு' என்று சாக்பீஸ் எழுத்து. முன்வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஆள் மடியில் பந்தை வைத்திருந்தான்.

சேவுகப்பெருமாளின் கண் சிலேட்டுக்கும் போகவில்லை, பந்துக்கும் போகவில்லை. நேராக அந்த ஆளின் வலது தாடைக்குக் கீழே போய் நின்றது. அந்த இடத்தில் கத்தி ஒரு நூல் வழுக்கியிருந்தது. அதை மறைக்கச் சட்டைக் காலரில் ஒரு தீற்று வெள்ளை. ஐம்பத்து மூன்று வருஷம் ஆகியும் அந்தத் தீற்று அப்படியே இருந்தது. அவருடைய கைதான். பதினெட்டு வயதுக் கை.

"இது எங்க சித்தப்பாதானே? முகத்தைப் பாருங்க." செட்டியார் செல்போனில் ஒரு பழைய கல்யாணப் படத்தைக் காட்டினார். அதே முகம். சந்தேகமே இல்லை.

"முகம் அவுகதான்" என்றார் சேவுகப்பெருமாள். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்." விசாலி கண்ணாடிக்கு மூக்கு படும்படி குனிந்திருந்தாள். "பன்னெண்டு பேரு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருக்காக. இவரு ஒருத்தரு மட்டும் இப்ப நம்ம நிக்கிற ஏசி ரூமுல உட்கார்ந்த மாதிரி முழிச்சுப் பார்க்கிறாரு."

"சில பேருக்கு வெயிலு உறைக்காது" என்றார் செட்டியார்.

"சரி, திருநீறு? நாள் பூரா ஓடி ஓடிப் பந்து போட்டு எட்டு விக்கெட்டு எடுத்த மனுஷன் நெத்தியில மூணு பட்டையும் கலையாம இருக்கு. வேர்வையே வராத உடம்பா? அப்படி உடம்பு எனக்கும் இருந்தா பவுடர் செலவு மிச்சம்."

செட்டியார் முகம் சுருங்கியது. விசாலி நிறுத்தவில்லை. "இங்க பாருங்க, காலு. முன்னால உட்கார்ந்திருக்க அஞ்சு பேரு காலுலயும் ஷூ. இவரு வெறுங்காலு. பெருவிரல்ல நகம் பேர்ந்திருக்கு. கொழும்புல யாவாரம் பண்ணுன வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஷூ இல்லையாக்கும்?"

செட்டியார் மெதுவாகச் சிரித்தார். கையில் கடைசிச் சீட்டு வைத்திருக்கிறவன் சிரிக்கிற சிரிப்பு.

"தேதியைப் பாருத்தா. பங்குனி மாசம். குன்றக்குடிக்குக் காவடி எடுக்கிறதா சித்தப்பா நேந்துக்கிட்டிருப்பாக. விரதத்துல செருப்புப் போடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? என்ன சேவுகப்பெருமாள், சரிதானே?"

நல்ல பதில். இந்தப் பக்கத்தில் யாரும் மறுத்துப் பேச முடியாத பதில். சேவுகப்பெருமாளுக்கு முன்னால் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தகடு வெட்டுகிறவன் பன்னிரண்டு மணிக்கு வருவான், வெட்டுவான், போவான். சட்டைப் பையில் இருப்பது மறுபடியும் பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடும்.

"விரதமாத்தான் இருக்கும்" என்றார்.

விசாலி திரும்பி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஊரில் யார் எதைச் சொன்னாலும் 'யாரு சொன்னா' என்று கேட்கிற மனிதர். பால்காரன் பால் என்று சொன்னால்கூட மோந்து பார்க்கிறவர்.

"ஐயா, விரதம் இருந்தா செருப்பு போடக் கூடாது. சரி. சவரம் பண்ணலாமா?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எங்க மாமா ஒரு மண்டலம் விரதம் இருந்தா எங்க அத்தையே அடையாளம் தெரியாம 'யாரு வேணும்'னு கேக்கும். அவ்வளவு தாடி! இவரு மழமழன்னு இருக்காரு. இப்பத்தான் சலூன்ல இருந்து எந்திரிச்சு வந்த மாதிரி. காலு விரதம் இருக்கு, முகம் விரதம் இருக்கலை. ஒரே ஆளுக்குள்ள ரெண்டு மாதிரி விரதமா?" விசாலி நிமிர்ந்தாள். "காலு ஒருத்தரு, தலை ஒருத்தரு. ஸ்டுடியோவுல வெச்சு எடுத்த தலையைக் கொண்டாந்து வெயில்ல உட்கார்ந்த உடம்புல ஒட்டியிருக்காக."

செட்டியார் செல்போனிலிருந்த கல்யாணப் படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒட்டினவன் கைகாரன்தான்" விசாலி தொடர்ந்தாள். "ஆனா கூறுகெட்ட கைகாரன். தலையைப் பார்த்தவன் காலைப் பார்க்கலை பாருங்க."

"சின்னப் பயலா இருந்திருப்பான். பதினெட்டு வயசுதான் இருக்கும்" என்று சேவுகப்பெருமாள் சொன்னார். சொல்லிய பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது.

"வயசு எப்படிய்யா தெரியும்?"

"அவசரம் தெரியுது."

அவசரம்தான். செட்டியாரின் அப்பச்சி ஸ்டுடியோவுக்குக் காரில் வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மதுரைப் பக்கம் பெண் பேசியிருந்தது. பெண்ணுடைய தகப்பனாருக்குக் கிரிக்கெட் பைத்தியம். தம்பியோ அணிக்கு ஸ்கோர் எழுதுகிற ஆள், மட்டையைத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் படம் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். ஸ்டுடியோ முதலாளி பின்னறைக்கு வந்து, "இதை மட்டும் சுத்தமா முடிச்சுக் குடுடா, நாளையிலிருந்து உன்னைக் கேமரா தொட விடுறேன்" என்றார். இருட்டறையில் மூன்று வருஷமாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வெட்டினான். அந்தக் கேமராவால் போலீசுக்குப் படம் எடுத்தான், போலீசிடம் துப்புக் கற்றான், பலகை மாட்டினான். செக்காலை ரோட்டுக் கடையே ஒருவன் கழுத்துக்கு மேல் கட்டியதுதான்.

"செட்டியார் போன்ல அனுப்பியிருந்த ரோகிணி டீச்சர் கடிதத்தை நான் படிச்சேன்யா" விசாலி சொன்னாள். "அவ அப்பாவுக்குச் சக்கரை வியாதியில ரெண்டு கண்ணும் போயிருச்சாம். 'அவர் இனி அந்தப் படத்தைப் பார்க்கப் போவதில்லை, பார்க்கிறவர்களாவது யாரென்று தெரிந்து பார்க்கட்டும்'னு எழுதியிருக்கு. வேற எதுவும் கேக்கலை."

"உடம்பு எவனோடதுன்னு யாருக்குத் தெரியும்? தலையில்லாத உடம்புக்குப் பேரு எழுத முடியுமா?" செட்டியார் குரல் உயர்ந்தது. "ஒக்கூர்க்காரன்தான்னு என்ன ஆதாரம்?"

"ஆதாரம் எங்கிட்ட பாதி இருக்கு."

வாசலில் கண்ணம்மை ஆச்சி நின்றுகொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. மீனாட்சிசுந்தரத்தின் மனைவி, செட்டியார் போனில் சொன்ன சித்தி. கணவர் காலமானது போன தை மாதம்தான். ஆச்சி கையில் ஒரு பழைய துணி உறை.

"மீதிப் பாதி இவுககிட்ட இருக்கும்னுதான் இவுகளைக் கூப்பிடச் சொன்னேன்" என்று சேவுகப்பெருமாளைப் பார்த்தார்.

*

ஆச்சி உறையைப் பிரித்து மேசையில் வைத்தது அதே படம். சுவரில் இருப்பது இதைப் பார்த்து மறுபடி எடுத்த நகல். இது மூலப் படம், கத்தி பட்ட படம். இடமிருந்து இரண்டாவது ஆளுக்குத் தலை இல்லை. தலை இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியே மேசை தெரிந்தது.

"இது எங்க அப்பச்சி வீட்டுக்கு வந்த படம். இதைப் பார்த்துத்தான் என்னைக் கட்டிக் குடுத்தாக" என்றார் ஆச்சி. "கல்யாணமான மறு மாசமே எனக்குச் சந்தேகம். வாசல்ல கிடந்த ஒரு பொடிக்கல்லு குத்திருச்சுன்னு ரெண்டு நாளு படுத்த மனுஷன், வெறுங்காலோட எட்டு விக்கெட்டு எடுத்தாகளாம்! ஆறாவது வருஷம் நல்ல மழை. ஈரத்துல பசை விட்டுத் தலை தனியா விழுந்துச்சு. எடுத்துச் சோத்துப் பருக்கையால ஒட்டி வெச்சேன். மழைக்கு மழை விழும். மழைக்கு மழை ஒட்டுவேன்."

"அவுககிட்ட கேட்கலையா ஆச்சி?" விசாலியின் குரலில் கிண்டல் போயிருந்தது.

"கேக்கணுமா? எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நாலு பேரு சுத்தி உட்கார்ந்துக்கிட்டு, 'எட்டு விக்கெட்டு எடுத்ததைச் சொல்லுங்க'ம்பாக. சொல்லுவாக. சொல்லி முடிக்கிறதுக்குள்ள சட்டை நனைஞ்சிரும். நல்ல மனுஷன் ஆத்தா. அண்ணனை எதிர்த்துப் பேச மாட்டாக, அவ்வளவுதான். சாகிறதுக்கு முன்னால சொன்னாக: 'அந்த எட்டையும் நோட்டுல நான்தான் எழுதினேன். எட்டு தடவையும் உடையப்பன்னுதான் எழுதினேன்.' அதுக்கப்புறம் நான் ஒட்டுறதை விட்டுட்டேன்."

செட்டியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆச்சி படத்தைத் திருப்பினார். பின்பக்கத்து மூலையில் பென்சிலால் ஒரு சின்ன வேல். "யாரு கையால வேலை நடந்துச்சோ அந்த ஆளு பின்னால ஒரு குறி போடணும்னு உங்க ஸ்டுடியோவுல வழக்கமாமே? படம் திரும்பி வந்தா அவன் தலையில கட்டுறதுக்கு. வேல் யாரோட குறின்னு நான் விசாரிச்சு நாப்பது வருஷம் ஆச்சு. அவுக இருக்கிறவரைக்கும் உங்களைக் கூப்பிட எனக்கு மனசு வரலை. இப்ப கேக்கிறேன். இந்த ஓட்டையில மொதல்ல இருந்த தலை எங்க?"

துப்பறிகிறவன் என்று பலகை மாட்டிக்கொண்டவன் துப்புக் கொடுக்கிறவனாக நின்றான். நாற்பது வருஷமாக அவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு பெண் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் சோற்றுப் பருக்கையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவரோ ஊரார் வீட்டுப் பொய்களை மோந்துகொண்டு அலைந்திருக்கிறார்.

சேவுகப்பெருமாள் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். காகிதத்துக்குள் காகிதம், அதற்குள் புளியங்கொட்டை அளவு ஒரு தலை. மேலே ஒட்டினால் விளிம்பு தடிக்கும் என்று, பழைய தலையை வெட்டி எடுத்துவிட்டு அந்தக் குழியில் புதுத் தலையைப் பதிப்பது அவர் பழக்கம். வெட்டியதைக் குப்பையில் போட்டுவிட்டிருக்கலாம். போட முடியவில்லை.

கண்ணைச் சுருக்கி, வேர்வையில் முடி ஒட்டி, தாடி வைத்து, பல் தெரியச் சிரிக்கிற முகம். அதை ஓட்டையில் வைத்தார். விரலால் லேசாகத் தட்டினார். உட்கார்ந்துகொண்டது. வலது தாடைக்குக் கீழே வழுக்கல்கூடச் சரியாகச் சேர்ந்தது.

பதின்மூன்று பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார்கள்.

"விரதம் இருந்தது இவருதான் போல" என்றாள் விசாலி. சிரிக்க முயன்று முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆச்சி, செட்டியாரைப் பார்த்தார். "தண்டாயுதபாணி, தகட்டுல ஒக்கூர் உடையப்பன்னு வெட்டச் சொல்லு. உங்க சித்தப்பா பேரு ஸ்கோரர்னு தனியா இருக்கட்டும். அதுதான் அவுக செஞ்ச வேலை. ஒழுங்கா செஞ்ச வேலை."

"வீட்டு மானம் சித்தி…"

"அதை நான் அம்பது வருஷம் ஒட்டிப் பார்த்துட்டேன். நிக்கலை."

பிறகு சேவுகப்பெருமாளிடம் படத்தை நீட்டினார். "தகட்டை இவன் வெட்டுவான். இதை நீங்க ஒக்கூருக்குக் கொண்டு போங்க. நான் அனுப்பினேன்னு சொல்ல வேண்டாம். நீங்களே வந்ததாச் சொல்லுங்க."

*

திருக்கோஷ்டியூர் தாண்டும்வரை விசாலி வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் வண்டி ஓட்டி அவர் பார்த்ததே இல்லை.

"காலையில வெத்தலைன்னு சொன்னீக" என்றாள் கடைசியில்.

"ம்."

"மெல்லவும் முடியாம துப்பவும் முடியாம அம்பத்து மூணு வருஷமா வாயில வெச்சிருந்தீகளா?"

அவருக்குச் சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. வெட்டியதைச் சொல்லியாயிற்று. அதைவிடக் கேவலமான ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.

ஒக்கூரில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ரோகிணி பள்ளிக்கூடம் போயிருந்தாள். வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கண் எங்கோ பார்த்தது. விரல் மட்டும் வேலையில் இருந்தது. நீளமான விரல்கள். கீழே வெறுங்கால்.

"யாரு வண்டி?"

"காரைக்குடியிலிருந்து வாரோம்ண்ணே. போட்டோ விஷயமா."

"டீச்சர் எழுதினாளே, அதா? எழுதாதேன்னு சொன்னேன். கேக்கலை." உடையப்பன் கடலையை உடைத்தார். "உட்காருங்க. நாற்காலி உள்ள கிடக்கும்."

சேவுகப்பெருமாள் தரையில் உட்கார்ந்தார். கால் பக்கமாக. படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஆட்டம் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு நீங்க படம் வாங்க ஸ்டுடியோவுக்கு வந்தீக. ஒரு பையன் படத்தை எடுத்துக் காட்டினான். நீங்க பார்த்துட்டு, 'நான் எங்க'ன்னு கேட்டீக. அவன் சொன்னான், 'இதுல நீங்க இல்லையேண்ணே'ன்னு." மடியிலிருந்த படத்தைத் தொட்டார். "அந்தப் பையன் நான்தான்."

உடைபட்ட கடலை விரலிடுக்கிலேயே நின்றது.

"கை பூரா மசியோட ஒருத்தன் இருந்தானே. அவனா?"

"ஆமாண்ணே."

"அன்னைக்குப் படத்துல இருந்த காலைப் பார்த்தேன். பெருவிரல்ல நகம் பேர்ந்திருந்துச்சு. குனிஞ்சு என் காலைப் பார்த்தேன். அதுலயும் பேர்ந்திருந்துச்சு. நீ இல்லைன்னு சொன்னதும், சரி, நமக்குத்தான் புத்தி பிசகுதுன்னு நெனச்சேன். பஸ்ஸுல வீட்டுக்கு வாரவரைக்கும் குனிஞ்ச தலை நிமிரலை. காலையே பார்த்துக்கிட்டு வந்தேன்." கடலைத் தோலைக் கீழே போட்டார். "அடுத்த வருஷமும் ஆடக் கூப்பிட்டு விட்டாக. போகலை. படத்துல இல்லாதவனுக்கு ஆட்டத்துல என்ன வேலை?"

விசாலி சற்றுத் தள்ளி வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் பக்கம் பார்க்கவில்லை.

சேவுகப்பெருமாள் பெரியவரின் வலது கையைப் பிடித்தார். ஆள்காட்டி விரலை எடுத்து, படத்தில் முன்வரிசைக்குக் கொண்டுபோய், இடமிருந்து இரண்டாவதாக, வெட்டிச் சேர்த்த விளிம்பு லேசாக நிரடுகிற இடத்தில் வைத்தார்.

"இதுல நீங்க இருக்கீகண்ணே."

"காதுல விழலை."

"இதுல நீங்க இருக்கீகண்ணே!"

எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். உடையப்பனின் விரல் அந்த விளிம்பைச் சுற்றி ஒரு தடவை வந்தது.

"சிரிக்கிறேனா?"

"பல்லு தெரியுதுண்ணே."

"கண்ணு தெரியுறப்பவே வந்து சொல்லியிருக்கலாமேடா" என்றார் உடையப்பன். கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்பதுபோலக் கேட்டார்.

எழுபத்தொரு வயதில், ஊரிலுள்ள எவனிடமும் பதில் வாங்கத் தெரிந்த மனிதர், மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணில் அந்தக் கால்கள் இருந்தன.

"கீழே பேரு எழுதியிருக்கா?"

"இருக்கு. எல்லார் பேரும் இருக்கு. உங்க இடத்துல மட்டும்… மாத்தி எழுதியிருக்கு."

"மத்த பேரை இருக்கிறபடி படி. எம் பேரை நீயே சொல்லு. எல்லாரையும் கேட்டு நாளாச்சு."

வாழ்நாளில் நம்பாத எழுத்தை அவர் கட்டை விரல் வைத்து மறைக்காமல், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். முதல் பெயருக்கே மூன்று மூச்சு ஆனது. விசாலி நகர்ந்து வந்தாள், படித்துக் கொடுக்க. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டாவது இடத்தில் எழுதியிருந்ததைத் தாண்டி, "உடையப்பன், ஒக்கூர்" என்றார். மூன்று, நான்கு என்று பதின்மூன்று பேரும் வந்து முடிய வெயில் ஒரு சாண் நகர்ந்திருந்தது.

உடையப்பன் அடுத்த கடலையை எடுத்து விரலிடுக்கில் வைத்து அழுத்தினார். சடக்கென்று உடைந்தது.

"இன்னொருக்கா படி" என்றார். "மொதல்ல இருந்து."